பெட்டி நிற்கட்டும், கதவை மட்டும் பார்ப்போம்: பழைய கிச்சன் கப்போர்டைக் குறைந்த செலவில் புதுப்பிக்க முழு வழிகாட்டி

எங்கள் வீட்டு மாடுலர் கிச்சனுக்கு வயது 14. கதவுகள் ஒரு பக்கமாகத் தொங்கின. அடுப்புக்கு மேலே இருந்த கைப்பிடியைத் தொட்டால் கை பிசுபிசுத்தது. சிங்குக்குக் கீழே அடிப்பலகை டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரி உப்பிக் கிடந்தது. விலை கேட்கக் கூப்பிட்ட ஆள் வாசலில் நின்றே ஒரு பார்வை பார்த்தார். "எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசா போட்டுடலாம் சார்" என்று 2,10,000 ரூபாய் சொன்னார். ஒரு கதவைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. அவர் போனபிறகு நான் திறந்து பார்த்தேன். சிங்குப் பக்கம் ஒரே ஒரு பலகை போயிருந்தது, மற்றதெல்லாம் கல் மாதிரி நின்றது.

கப்போர்டில் பெட்டி வேறு, கதவு வேறு. எண்ணெய் தெறிப்பது கதவில், கை படுவது கதவில், விருந்தாளி கண் போவதும் கதவில். பெட்டி பாவம், இருட்டில் பருப்பு டப்பாவைச் சுமந்துகொண்டு நிற்கிறது. அது நன்றாக இருந்தால் அதைப் பிடுங்குவதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

முதலில் பெட்டியைச் சோதியுங்கள்

டார்ச் லைட்டும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் போதும். சாமான்களை எடுத்துவிட்டு அடிப்பலகை, பின்பலகை, பக்கப்பலகையின் கீழ் நுனி ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உறுதியாக எதிர்த்தால் நல்லது. பொத்தென்று உள்ளே போனால் அந்தப் பலகைக்கு ஆயுசு முடிந்தது. தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவும் வீடுகளில் முதலில் போவது தரையைத் தொடும் கீழ்நுனிதான்.

அடுத்து, பலகை என்ன வகை என்று தெரிய வேண்டும். ஒரு கீலைக் கழற்றி அந்தக் குழிக்குள் பாருங்கள். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். மரத்தூளும் செதிலும் சேர்த்து அமுக்கியதுபோல் சொரசொரப்பாக இருந்தால் பார்ட்டிகிள் போர்டு. அட்டைபோல் நைசாக ஒரே சீராக இருந்தால் எம்டிஎஃப், அதாவது மரநாரை அமுக்கிச் செய்த பலகை. பிளைவுட் என்றால் தாராளமாக வேலை செய்யலாம். மற்ற இரண்டும் தண்ணீர் பட்டால் உப்பும், உப்பினது திரும்ப வற்றாது. ஆனால் உலர்ந்து இருக்கும்வரை அவையும் இன்னும் பல வருஷம் உழைக்கும்.

மூலையில் மாவு கொட்டியதுபோல் நைசான தூள் இருந்தால் வண்டு துளைத்து உளுக்கிறது. மண் கோடு ஓடியிருந்தால் கரையான். இந்த இரண்டில் எது இருந்தாலும் அழகு வேலையை நிறுத்திவிட்டு முதலில் மருந்து அடிக்க ஆள் கூப்பிடுங்கள். கரையான் மேல் மைக்கா ஒட்டுவது அதற்குக் கூரை போட்டுக் கொடுப்பதுதான்.

இங்கே ஒரு நல்ல செய்தி. தமிழ்நாட்டின் பழைய வீடுகளில் மேடைக்குக் கீழே கடப்பா கல்லை நிறுத்தித் தட்டு அமைத்து, முகப்பில் மரச்சட்டம் அடித்துக் கதவு போட்டிருப்பார்கள். திருச்சியில் என் அக்கா வீடு அப்படித்தான். அந்தக் கல் ஊறாது, உளுக்காது, கரையானும் தின்னாது. மாடுலர் இல்லையே என்று அக்கா வருத்தப்படுவாள். எனக்கோ பொறாமை. சட்டம் உறுதியாக இருந்தால் கதவை மட்டும் மாற்றினாலே அந்தச் சமையலறை புதுசு.

கழற்றுவது, கழுவுவது

சமையலறையை ஒரு வாரம் மூடி வைக்க நம் வீட்டில் முடியாது. ஒரு தடவைக்கு நான்கு கதவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். கதவு இல்லாத பெட்டியிலிருந்து டப்பா எடுத்துச் சமைக்கலாம், ஒன்றும் ஆகாது.

கழற்றும் ஒவ்வொரு கதவின் உட்புறத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் போடுங்கள். அதே எண்ணைப் பெட்டிக்குள்ளும் எழுதுங்கள். ஒரே அளவுபோல் தெரியும் இரண்டு கதவுகள் உண்மையில் 2 மில்லிமீட்டர் வேறுபடும். மாற்றி மாட்டிவிட்டு, ஏன் உரசுகிறது என்று ஒரு மாலை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

இப்போது எண்ணெய்ப் பிசுக்கு. தாளிப்பும் வடையுமாகப் பல வருஷம் ஓடிய சமையலறையில், துடைத்துச் சுத்தமாகத் தெரியும் கதவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருக்கும். வெந்நீரில் பாத்திரம் கழுவும் லிக்விடும் கொஞ்சம் சலவை சோடாவும் கலந்து துணியில் நனைத்துத் துடையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கைப்பிடிகளை அதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். சோடா பட்டால் அலுமினியம் கறுத்துப்போகும். அப்புறம் வெறும் தண்ணீரில் இரண்டு முறை துடைத்து ஒரு நாள் காய விடுங்கள். காய்ந்தபின் விரலால் தேய்த்தால் கிறீச்சென்று சத்தம் வர வேண்டும். வழுக்கினால் இன்னொரு முறை கழுவுங்கள்.

இந்த இடத்தில் அவசரப்பட்டுத்தான் நான் தோற்றேன். முதலில் கதவுக்குப் பெயிண்ட் அடிப்பதாகத் திட்டம். நான்கு கதவை ஈரத்துணியால் துடைத்துவிட்டு நேராக அடித்தேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. இருபதாவது நாள் பையன் ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்தபோது பெயிண்ட்டும் வெயிலில் உரிந்த தோல் மாதிரி கூடவே வந்துவிட்டது.

கீல்: முதல் செலவு இதற்குத்தான்

நிறத்தை மாற்றினால் சமையலறை புதுசாகத் தெரியும். கீலை மாற்றினால்தான் புதுசாக நடந்துகொள்ளும். கையில் கொஞ்சம்தான் காசு இருக்கிறது என்றால் நான் கீலுக்கே ஓட்டுப் போடுவேன்.

தொங்கும் கதவெல்லாம் கெட்டுப்போன கதவு ஆகாது. உள்ளே ஒளிந்திருக்கும் கீலில் திருகுகளுக்கு ஒவ்வொரு வேலை உண்டு. கதவுக்கு அருகில், முன்னால் இருப்பது கதவை இடம் வலமாக நகர்த்தும். பின்னால் இருப்பது கதவைப் பெட்டியோடு ஒட்டவோ விலகவோ செய்யும். பெட்டியில் கீலைப் பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு திருகுகளைத் தளர்த்தினால் மேலே கீழே நகர்த்தலாம். ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் அரைச் சுற்று திருப்புங்கள், மூடிப் பாருங்கள், மறுபடி திருப்புங்கள். பாதிக் கதவுகள் இதிலேயே நேராகிவிடும். செலவு சுழியம்.

திருகு பிடிக்காமல் சும்மா சுற்றுகிறதா? பிளைவுட் என்றால் அந்த ஓட்டையில் பல் குத்தும் குச்சிகளை வெள்ளை ஃபெவிகாலில் தோய்த்து நெருக்கமாகச் சொருகி, ஒரு இரவு காயவிட்டு, நீட்டியிருப்பதை வெட்டிவிட்டுப் பழைய திருகையே ஏற்றுங்கள். பார்ட்டிகிள் போர்டில் ஓட்டை பெயர்ந்து பள்ளமாகியிருந்தால் குச்சி நிற்காது. ஹார்டுவேர் கடையில் கீலுக்கான ரிப்பேர் பிளேட் கேளுங்கள். பெரிய ஸ்டீல் தகடு அது. சேதமில்லாத பகுதியில் திருகுகள் விழும்படி செய்திருப்பார்கள்.

புதுக் கீல் வாங்கப் போனால் பழையது ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கதவில் பதியும் வட்டக் குழி பெரும்பாலும் 35 மில்லிமீட்டர்தான், அது பொருந்திவிடும். மாறுவது வளைவு. பக்கப்பலகையை முழுக்க மூடும் கதவுக்கு ஜீரோ கிராங்க், ஒரே பலகையை இரண்டு கதவு பாதிப்பாதி பங்குபோட்டால் 8 கிராங்க், பெட்டிக்குள்ளே அடங்கி உட்காரும் கதவுக்கு 16 கிராங்க் என்று கேட்க வேண்டும். மெதுவாகத் தானே மூடிக்கொள்ளும் ஸாஃப்ட் குளோஸ் வகைக்குக் கொஞ்சம் கூடுதல் விலை. அதைக் கொடுத்துவிடலாம், காலையில் கதவு படார் படார் என்று அடிக்கும் சத்தம் நின்றாலே போதும்.

டிராயர் இழுக்க வரவில்லை என்றால், அது ஓடும் தண்டவாளமான சேனலில் சேர்ந்த அழுக்கைத் துணியால் துடைத்து எடுங்கள். தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் வேண்டாம். ஒரு வாரம் வழுக்கும், அப்புறம் தூசியை எல்லாம் பிடித்துப் பசையாகிவிடும். குண்டுகள் உதிர்ந்திருந்தால் அதே நீளத்தில் புது டெலஸ்கோப்பிக் சேனல் ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள்.

சிங்குக்குக் கீழே

பலகையை மாற்றும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கீழே பழைய செய்தித்தாளை விரித்து, சிங்க்கை நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். தாள் நனையும் இடத்துக்கு நேர் மேலே கோளாறு. பெரும்பாலும் சிங்க்கின் வாயும் பைப்பும் சேரும் இடத்து வாஷர் காய்ந்துபோயிருக்கும், இல்லையென்றால் சிங்க் விளிம்புக்கும் கிரானைட்டுக்கும் நடுவே சிலிகான் விட்டுப்போயிருக்கும். பழைய சிலிகானை முழுக்கச் சுரண்டி எடுத்து, உலர்ந்தபின் புதிதாக விடுங்கள்.

அதன்பிறகு அந்த அடிப்பலகையை மட்டும் பிவிசி ஃபோம் போர்டால் மாற்றுங்கள். தண்ணீரில் ஊறினாலும் உப்பாது. சூட்டில் இளகும் என்பதால் அடுப்புப் பக்கம் வேண்டாம். பெட்டி தரையில் நேரடியாக உட்கார்ந்திருந்தால், உயரம் கூட்டிக் குறைக்கும் பிவிசி கால்களை வைத்துத் தூக்கிவிடச் சொல்லுங்கள். மேலே கிரானைட் உட்கார்ந்திருக்கும் பெட்டி என்றால் இதை நீங்களே முயலாதீர்கள், தச்சர் வந்து முட்டுக் கொடுத்துச் செய்யட்டும்.

மேற்பரப்பு: மைக்கா, பெயிண்ட், ஸ்டிக்கர்

சொந்த வீடு, கதவு பிளைவுட் என்றால் என் ஓட்டு மைக்காவுக்கு. கடைக்காரர் லேமினேட் என்பார், ஆசாரி மைக்கா என்பார், இரண்டும் ஒன்றே. வெளிப்பக்கத்துக்கு 1 மில்லிமீட்டர் தடிமன் வாங்குங்கள். ஒரு ஷீட் 8 அடிக்கு 4 அடி.

எத்தனை ஷீட் என்பதில்தான் காசு வீணாகும். 18 அங்குல அகலம், 28 அங்குல உயரம் உள்ள கதவுகளை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் சீவுவதற்கு அரை அங்குலம் கூட்டினால் 18½, 28½. டிசைன் இல்லாத ஒற்றை நிறம் என்றால், 5 துண்டுகளைப் படுக்கையாக ஒரு வரிசையிலும் 3 துண்டுகளை நெடுக்காக மீதமுள்ள பட்டையிலும் வைத்து ஒரே ஷீட்டில் 8 கதவுக்கு வெட்டலாம். மரவரி டிசைன் என்றால் எல்லாக் கதவிலும் வரி ஒரே திசையில் ஓட வேண்டும், அதனால் 6 தான் கிடைக்கும். வாங்குவதற்கு முன் கட்டம் போட்ட தாளில் வரைந்து பாருங்கள்.

பழைய மைக்கா மேலேயே புதிதை ஒட்டலாம், பழையது எங்கும் எழும்பாமல் இருந்தால். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள், பொள்ளல் சத்தம் வரும் இடத்தில் அதைப் பிய்த்து பட்டி வைத்துச் சமமாக்க வேண்டும். பிறகு 80 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு முழுக்கப் போகும்வரை தேயுங்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு.

பசை விஷயத்தில் ஏமாறாதீர்கள். மரத்துக்கு நாம் போடும் வெள்ளைப் பசை, அதிலிருக்கும் தண்ணீரை மரம் உறிஞ்சினால்தான் இறுகும். மைக்காவுக்கும் மைக்காவுக்கும் நடுவே அந்தத் தண்ணீர் போக வழியில்லை. இதற்கு ரப்பர் பசை வேண்டும். கதவிலும் புது மைக்காவின் பின்பக்கத்திலும் மெல்லிசாகத் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்கு 10, 15 நிமிஷம் காயவிட்டுப் பிறகு சேர்க்க வேண்டும். சேர்ந்த மறுநொடி பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. அதனால் கதவின் மேல் இரண்டு மூன்று மெல்லிய ரீப்பர் குச்சிகளை வைத்து, மைக்காவை அதன்மேல் கிடத்தி, இடம் சரிபார்த்து, நடுவிலிருந்து ஒவ்வொரு குச்சியாக உருவிக்கொண்டே அழுத்துங்கள். இந்தப் பசையின் ஆவி தீப்பிடிக்கக்கூடியது. கேஸ் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, சமையலறைக்கு வெளியே, மொட்டை மாடியிலோ பால்கனியிலோ ஒட்டுங்கள்.

ஓரத்துக்கு எட்ஜ் பேண்ட், அதாவது பலகை விளிம்பை மூடும் மெல்லிய பட்டை. பழைய பட்டையைச் சீவி எடுத்துவிட்டுத்தான் புதியதை ஒட்ட வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் கதவுகளுக்கு நடுவே இருப்பதே சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி. பட்டை மேல் பட்டை போட்டால் அது அடைபட்டுக் கதவுகள் முட்டிக்கொள்ளும். இன்னொன்று: ஐந்தடிக்கு மேல் உயரமான கதவில் ஒரு பக்கம் மட்டும் புது மைக்கா ஏற்றினால், பின்னால் ஈடு இல்லாததால் கதவு வில்லாக வளையலாம். அப்படிப்பட்டதற்கு உள்பக்கமும் ஒன்று ஒட்டிவிடுங்கள்.

ஷீட்டை நேராக வெட்டுவதும் ஓரத்தை ரூட்டர் என்னும் சீவும் மெஷின் வைத்துச் சீவுவதும் பழகிய கைக்குரிய வேலை. கழுவுவது, தேய்ப்பது, கழற்றுவது, மாட்டுவது எல்லாவற்றையும் நான் செய்தேன். வெட்டி ஒட்ட ஆசாரியைத் தினக்கூலிக்கு வைத்தேன். கதவுகள் தயாராகக் காத்திருந்ததால் 3 நாளில் முடித்துவிட்டுப் போனார்.

பெயிண்ட் பொருந்துவது எம்டிஎஃப் கதவுக்கு, அதிலும் மேலே பிவிசி ஃபாயில் போர்த்தியிருந்து அடுப்புச் சூட்டில் உரியத் தொடங்கிய கதவுக்கு. ஹேர் டிரையரால் சூடாக்கினால் ஃபாயில் வாழைப்பழத் தோல் மாதிரி முழுசாக வந்துவிடும். உள்ளே இருக்கும் பலகையில் பசையைத் துடைத்து, 220 நம்பர் தாளால் தேய்த்து, பிரைமர், மறுபடி 320 நம்பர் தாள், அப்புறம் ஸ்பான்ஜ் ரோலரால் மெல்லிசாக இரண்டு மூன்று கோட். கனமாக ஒரே கோட் அடித்தால் வழியும். மைக்கா மேல் பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும் என்றால் வழவழப்பான பரப்பைப் பிடிக்கும் பாண்டிங் பிரைமர் கட்டாயம். மறுநாள் காய்ந்துவிட்டதுபோல் தெரியும். உள்ளே முழுசாக இறுக இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை ஈரத்துணியும் அழுத்தித் துடைப்பதும் கூடாது. சென்னைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதை ஆரம்பிக்காதீர்கள். போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது கழற்றிக் கழுவி, பொங்கல் முடிந்து அடிப்பது தோதான கணக்கு.

வாடகை வீடு என்றால் ஸ்டிக்கர். ஒட்டும் பிவிசி ரோலைப் பின்தாள் முழுவதையும் உரிக்காமல் ஒரு சாண் உரித்து, பிளாஸ்டிக் அட்டையால் காற்றைத் தள்ளி ஒட்டி, அடுத்த சாண். அடுப்புக்கு நேர் மேலும் பக்கத்திலும் ஒட்டாதீர்கள், ஆவியில் ஓரம் சுருளும். காலி செய்யும்போது ஹேர் டிரையர் காட்டி உரித்தால் பசை குறைவாக நிற்கும். உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஒட்டுவது நல்லது.

கைப்பிடி, வெளிச்சம், ஒரு எச்சரிக்கை

கைப்பிடி வாங்குமுன் இரண்டு திருகு ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்துகொள்ளுங்கள். 96, 128, 160 மில்லிமீட்டர் என்று வரும். அதே அளவு கிடைத்தால் துளையிடும் வேலையே இல்லை. மைக்கா ஒட்டினால் பழைய ஓட்டை மூடிப்போகும் என்பதால் விரும்பிய அளவை எடுக்கலாம். அப்போது ஒரு அட்டையில் ஓட்டை இடங்களைக் குறித்து எல்லாக் கதவுக்கும் அதையே வைத்துத் துளையிடுங்கள். பின்னால் ஒரு மரத்துண்டைப் பிடித்துக்கொண்டால் மறுபக்கம் மைக்கா சில்லுப் பெயராது.

மேல் கப்போர்டின் அடியில் எல்இடி பட்டை ஒட்டினால் மேடையில் நம் நிழல் விழாமல் காய் நறுக்கலாம். செலவும் குறைவு. கதவையே எடுத்துவிட்டுத் திறந்த அலமாரியாக்கும் யோசனை படங்களில் அழகாக இருக்கும். நம் தாளிப்புக்கு முன்னால் ஒரு மாதம் தாங்காது, டப்பா ஒவ்வொன்றையும் துடைக்க வேண்டும்.

சிலிண்டர் வைக்கும் கப்போர்டின் கதவில் கீழே ஓட்டையோ ஜாலியோ இருந்தால், அழகுக்காக அதை மூடிவிடாதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும், அது வெளியேற அந்த வழி வேண்டும். உங்கள் கப்போர்டில் ஓட்டையே இல்லையென்றால் கதவு கழற்றியிருக்கும் இந்த நேரத்தில் போட்டுவிடுங்கள்.

என் கணக்கு

கீழே 8 கதவு, மேலே 5, டிராயர் 3. ஸாஃப்ட் குளோஸ் கீல் 26க்கு 3,900 ரூபாய். மைக்கா 2 ஷீட் 3,200. கைப்பிடி 16க்கு 1,920. பசை, எட்ஜ் பேண்ட், உப்புத்தாள் வகையறா 1,600. சிங்க் அடிப்பலகை 900. ஆசாரி கூலி 3,600. ஆக 15,120 ரூபாய். வீணான பெயிண்ட் காசை இதில் சேர்க்கவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. ஊருக்கும் கடைக்கும் தக்கபடி இந்த விலைகள் ஏறும் இறங்கும்.

மீந்த மைக்காத் துண்டை எறிந்துவிடாமல், பின்னால் டிசைன் நம்பரையும் கடைப் பெயரையும் எழுதிப் பரணில் போட்டு வையுங்கள். பிறகு ஒரு கதவில் அடிபட்டால், அந்த நிறத்தைத் தேடிக் கடை கடையாக ஏற வேண்டாம்.